வெயில் விழுந்தாலும் எங்கள் ரோபோ இப்போது கோடு பிடிக்கிறது

சாயங்கால வெயிலிலும் எங்கள் லைன் ஃபாலோயர் (தரையில் உள்ள கோட்டைப் பிடித்தே ஓடுகிற ரோபோ) ஒரு வளைவுகூடப் பிசகாமல் முழுச் சுற்று வந்துவிட்டது! தக்கலைப் பக்கம் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில், ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் சேர்ந்து செய்தது. மூளையாக அர்டுயினோ உனோ போர்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பி அது திரும்பி வருவதை வைத்துக் கோட்டைப் பார்க்கிற டிசிஆர்டி5000 சென்சார் ஐந்து, மோட்டாரை ஓட்டுகிற எல்298என் டிரைவர், 18650 பேட்டரி செல் இரண்டு என்று எல்லாம் வழக்கமான சரக்குதான். அதனால் வயரிங் கதை வேண்டாம், சென்சார் பட்டபாட்டை மட்டும் எழுதுகிறேன்.

கோயில் கொடைக்கு அடித்த பழைய பிளெக்ஸைத் திருப்பிப் போட்டு, அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியதுதான் டிராக். காலையில் ரோபோ அருமையாக ஓடும். மூன்று மணிக்கு மேல், மேற்கு ஜன்னல் வெயில் விழுகிற இடம் வந்ததும் கோட்டை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் போய்விடும். பேட்டரி, மோட்டார், புரோகிராம் என்று ஆளுக்கொன்றைச் சந்தேகப்பட்டுக் கொண்டிருந்தபோது, ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திதான் கண்டுபிடித்தாள். “அண்ணா, மேகம் மறைச்சா நல்லாட்டு ஓடுது, பாருங்க.”

லேப்டாப்பில் சென்சார் எண்களைக் காட்டுகிற சீரியல் மானிட்டரைத் திறந்து, அந்த எண்களைச் சுவரில் இருந்த கரும்பலகையில் எழுதச் சொன்னேன். கறுப்புக் கோட்டின் மேல் நிழலில் 850-ஐ ஒட்டி வந்தது, வெயிலில் 400-க்குக் கீழே விழுந்தது. வெயிலிலேயே அகச்சிவப்பு ஏராளம். அது நேராக சென்சாருக்குள் புகுந்தால் கறுப்பும் வெள்ளையாகத்தான் தெரியும்.

முதலில் உயரத்தைக் குறைத்தோம். டிசிஆர்டி5000-க்குச் சுமார் 2.5 மில்லிமீட்டரில்தான் பிரதிபலிப்பு உச்சத்தில் கிடைக்கும். எங்களுடையது விரல் அகலத்துக்கு மேல் தூக்கி நின்றது. வாஷர் போட்டு 3 மில்லிமீட்டருக்கு இறக்கினால், பிளெக்ஸ் சுருக்கத்தில் தட்டியது. பிளெக்ஸை பிளைவுட்டில் இழுத்து ஒட்டிய பிறகுதான் சரியானது.

அடுத்தது, சென்சாரைச் சுற்றி வெயில் புகாமல் ஒரு மறைப்பு. கறுப்பு சார்ட் பேப்பர் வெட்டிக் கட்டினோம், பெரிதாக வித்தியாசமில்லை. உடனே பிள்ளைகள் கையில் கிடைத்த கறுப்புப் பொருளையெல்லாம் சென்சாருக்குக் கீழே வைத்து எண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். சார்ட் பேப்பரும் ஒரு துணியும் கிட்டத்தட்ட வெள்ளை மாதிரியே எண் காட்டின. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிற சாயம் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பலாம் என்பதை அவர்களே அளந்து பார்த்துவிட்டார்கள். ஜெயித்தது பழைய சைக்கிள் டியூப். ரப்பரில் கலந்திருக்கிற கார்பன் பிளாக் அகச்சிவப்பை விழுங்கிவிடும். ரப்பர் விளைகிற மாவட்டத்தில் இதற்கா பஞ்சம்!

அதோடு காலிபரேஷனும் சேர்த்தோம். சுவிட்ச் போட்டதும் ரோபோ இடவலமாக ஆடி, ஒவ்வொரு சென்சாரின் குறைந்த எண், கூடிய எண் இரண்டையும் எடுத்து 0 முதல் 1000 வரை மாற்றிக்கொள்ளும். ஆனால் நிழலில் காலிபரேட் செய்துவிட்டு வெயிலுக்குள் போனால் அது மட்டும் போதாது. டியூப் மறைப்புதான் காப்பாற்றியது.

இதில் எந்த இடத்திலும் நான் லேப்டாப்பைத் தொடவில்லை. பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிப்போக நினைக்கிற பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். உலக ரோபோ ஒலிம்பியாடில் போட்டி நேரத்தில் பயிற்சியாளர் பிள்ளைகளின் மேஜைப் பக்கமே போக முடியாது. அங்கே எண் மாறினால் அவர்களேதான் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். வீட்டில் அப்பா புரோகிராம் எழுதிக் கொடுத்த பிள்ளை அங்கே திகைத்துத்தான் நிற்கும்.

ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டிக்கும் போக ஆசையாக இருக்கிறது, ஆனால் இந்த ரோபோ அதற்கு ஆகாது. அங்கே லெகோ பாகம் மட்டும்தான், ஓட்டம் இரண்டரை நிமிடம். லெகோவின் ரோபோ கிட்டான மைண்ட்ஸ்டார்ம்ஸ் விற்பனையை 2022 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். யாராவது வீட்டில் பழைய மைண்ட்ஸ்டார்ம்ஸ் ஈவி3 கிட் சும்மா கிடந்தால் பிள்ளைகளுக்குக் கொடுத்து உதவுங்கள்.

இப்போதைய ரோபோவில் எல்298என் டிரைவர், மோட்டாருக்குப் போக வேண்டியதில் எப்படியும் 2 வோல்ட் அளவுக்குத் தின்றுவிடுகிறது. அதற்குப் பதில் டிபி6612 டிரைவர் போர்டு மாற்றப் போகிறோம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் என்றால் எங்களுக்கு ஒரு ராத்திரி ரயில், அதனால் அடுத்த சனிக்கிழமை திருவனந்தபுரத்தில் தேடப் போகிறேன். செங்கோணத் திருப்பத்தில் மட்டும் இன்னும் வால் ஆட்டுகிறது. புது டிரைவர் வந்த பிறகுதான், கோட்டை விட்டு விலகினால் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று தீர்மானிக்கிற பிஐடி எண்களில் கை வைப்பதென்று பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள்.