மெதுவாகப் போட்ட வில்

சவுண்ட் பார்க்கும் வேலையில் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு கல்யாண வரவேற்புக் கச்சேரியில் முதல்முறையாக எலக்ட்ரிக் வயலின் என் மிக்ஸருக்கு வந்தது. கிட்டார் மாதிரிதானே என்று கேபிளை நேராகச் செருகினேன். தகரத்தை ஆணியால் கீறினாற்போல் இருந்தது. கீச்சு ஒலியான ட்ரெபிளை இறக்கி, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரெஸரைப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். சத்தம் சீரானதில் எனக்குத் திருப்தி. வாசித்தவர் இடைவேளையில் என்னிடம் வந்தார். "தம்பி, நான் சன்னமா, மெதுவா வாசிச்சதெல்லாம் எங்கப்பா போச்சு?"

கோபமில்லாமல் கேட்டார். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

அன்றிரவு சாமான்களை வண்டியில் ஏற்றும்போது அவரே விளக்கினார். சாதாரண வயலினில் தந்தியின் அதிர்வு மரப்பெட்டிக்குள் போய், கனம் சேர்ந்து வெளியே வரும். இதில் பெட்டி கிடையாது. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் அதிர்வை, அதிர்வை மின்சாரமாக்கும் பீஸோ பிக்கப் அப்படியே எடுத்துக் கொடுக்கிறது. அந்தச் சிக்னலைச் சரிப்படுத்தி ஏற்றிக் கொடுக்கும் ப்ரீஆம்ப் நடுவில் இல்லாவிட்டால் கீழ்ஸ்தாயி கரைந்துபோய்க் கீச்சுதான் மிஞ்சும். கம்ப்ரெஸரை அளவில்லாமல் போட்டால், வில்லை அழுத்தியதற்கும் வருடியதற்கும் உள்ள வித்தியாசமே போய்விடும். சொல்லிவிட்டு ஒரு கேசட்டைக் கையில் கொடுத்தார். வயலின் கலைஞர் எல். சங்கரின் 'ஹூஸ் டு நோ'.

சங்கரின் அப்பா வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்கு வந்தது. வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் என்று மூன்று மகன்களும் வயலின். 1970களில் ஆங்கிலேய கிட்டார் கலைஞர் ஜான் மக்லாக்லினோடு சங்கர் 'சக்தி' என்ற குழுவில் வாசித்தார். தபேலாவில் ஜாகிர் ஹுசேனும் கடத்தில் விக்கு விநாயக்ராமும் உடன். அதில் ஒன்று என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. மக்லாக்லின் தன் முந்தைய மின்சார இசைக்குழுவான மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் பெருஞ்சத்தத்தை விட்டுவிட்டு மரக் கிட்டாரோடு மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் மர வயலின் வாசித்த சங்கரோ, பின்னால் மின்சாரத்தின் பக்கம் போனார்.

சத்தத்துக்காகப் போனார் என்றே நினைத்திருந்தேன். கேசட்டைக் கேட்டதும் அந்த எண்ணம் போய்விட்டது. அதில் அவர் வாசித்தது, கென் பார்க்கர் என்ற கிட்டார் தச்சர் செய்த இரட்டைக் கழுத்து மின்சார வயலின். பத்துத் தந்திகள். டபுள் பேஸில் தொடங்கி, செல்லோ, வியோலா, வயலின் என்று நான்கு வாத்தியங்களின் எல்லையும் ஒருவர் மடியில். 1980இல் பதிவான அந்த இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுக்க ராகம் தானம் பல்லவி. உமையாள்புரம் சிவராமன் மிருதங்கம், ஜாகிர் தபேலா. தாளம் போட்டவர் அப்பா லட்சுமிநாராயணா! ராகம் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. இதற்குமேல் இறங்க வயலினில் தந்தி இல்லையே என்று மனசு நினைக்கிற இடத்தையும் தாண்டி இறங்குகிறது. அத்தனை ஆழத்திலும் கமகம் கமகமாகவே இருக்கிறது. அந்த வாரம் முழுக்க ராத்திரிகளில் அதையே கேட்டேன்.

பிறகு அவர் வாசித்ததையெல்லாம் தேடினேன். நார்வேயின் யான் கார்பரெக்கின் சாக்ஸபோனோடு வந்தவை, 1989இல் வெளியான ஆங்கிலேயப் பாடகர் பீட்டர் கேப்ரியலின் 'பேஷன்' இசைத்தட்டு. எண்பதுகளில் அவர் பாடிய பாப் பாட்டுகள் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. ஆனாலும் பல்லவி வாசித்த கைதான் அதையும் செய்து பார்த்தது என்பதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இப்போது எலக்ட்ரிக் வயலின் வந்தால் கம்ப்ரெஸரைத் தொடாமல்தான் ஆரம்பிக்கிறேன். போன மாதம் ஒரு சின்னப் பெண், ஐந்து தந்தி வயலினோடு வந்திருந்தாள். சவுண்ட் செக்கில் எல்லாரையும்போல வேகமான உருப்படியாக எடுத்தாள். "அது அப்புறம்மா. உன்னால எவ்வளவு சன்னமா, மெதுவா முடியுமோ அதை முதல்ல வாசி" என்றேன். தயங்கிவிட்டு, கீழ்த்தந்தியில் ஒரு சட்ஜத்தை மூச்சுபோல இழுத்தாள்.

"கேக்குதா அண்ணா?"

ஹாலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேக்குதும்மா" என்றேன்.