கூழுக்கு ஆள் சேர்த்தல்

பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற எங்கள் யாழ்ப்பாணத்து ஒடியற் கூழை இரண்டு பேருக்கு என்று காய்ச்ச ஏலாது. நண்டு, இறால், மீன், கணவாய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயிற்றங்காய் என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் போட்டாலே பானை நிறைந்துவிடும். அதனால் எங்கள் கூட்டத்தில் யாருக்காவது மனம் சரியில்லை என்றால், யாராவது கனடாவிலிருந்து வந்து நிற்கிறார்கள் என்றால், சாப்பிட வா என்று கூப்பிடுவதில்லை. "ஞாயிற்றுக்கிழமை கூழ் காய்ச்சுவமடி" என்று ஒரு சொல். உடனே ஆளுக்கொரு பொருளைப் பொறுப்பெடுத்துவிடுவார்கள்.

கடற்கரைக் குருநகரிலிருந்து வருகிற சிநேகிதி, எங்கள் குருநகர்க்காரி, விடியவே பாசையூர்ச் சந்தைக்குப் போய் மீனும் நண்டும் வாங்கி வருவாள். உயிரோடு கால் ஆட்டாத நண்டை அவள் தொடமாட்டாள். கோப்பாயில் தோட்டம் உள்ளவள் மரவள்ளியும் பயிற்றங்காயும் கொண்டுவருவாள். பலாக்கொட்டை உரிக்கிறதும் புளி கரைக்கிறதும் வந்தவர்கள் வேலை. மா என் பொறுப்பு.

மாவில்தான் கூழின் உயிர் இருக்கிறது. பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், பச்சையாகவே கிழித்து வெயிலில் காயவிட்டால் ஒடியல். கூழுக்கு இரண்டாவதுதான் வேண்டும். பத்துப் பேருக்குக் கால் கிலோ மா தாராளம். நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து வைத்தால் மா அடியில் படியும், மேல் தண்ணீரை மெல்லச் சரித்து ஊற்றிவிட்டு மறுபடி தண்ணீர் விடவேண்டும். காறலும் கசப்பும் இப்படித்தான் போகும். இந்த வேலையில் அவசரப்பட்டால் பிறகு எத்தனை நண்டு போட்டும் பயனில்லை.

பெரிய பானையில் தண்ணீர் கொதித்ததும் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய். அவை முக்கால் வேக்காடு வந்த பிறகு நண்டும் மீன் தலையும், கடைசியாக இறாலும் கணவாயும். செத்தல் மிளகாயை உப்போடும் மஞ்சளோடும் அம்மியில் அரைத்துப் போடுவோம். மரவள்ளி போடுகிற நாளில் இஞ்சி சேர்ப்பதில்லை, இரண்டும் சேர்ந்தால் கூடாது என்று அம்மம்மா காலத்திலிருந்தே வீட்டில் சொல்லி வந்திருக்கிறார்கள். பிறகு பழப்புளியில் கரைத்த மாவை ஒருவர் ஊற்ற, மற்றவர் அகப்பையை நிறுத்தாமல் துழாவவேண்டும். முருங்கையிலை இறக்குகிற நேரத்தில். உறைப்பு மூக்கில் ஏறவேண்டும். உறைப்பில்லாத கூழை நான் கூழென்றே சொல்லமாட்டேன்.

போன வருசம் எங்களில் ஒருத்தியின் அம்மா காலமாகிவிட்டா. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்தும் அவள் யாரோடும் கதைக்கவில்லை, வீட்டை விட்டு வரவும் இல்லை. கூழுக்கென்று கட்டாயப்படுத்திக் கூட்டி வந்தோம். வந்தவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, முருங்கையிலைக் கட்டைக் கையில் கொடுத்து உருவச் சொன்னோம். தலையைக் குனிந்தபடி உருவிக்கொண்டிருந்தவள், பாதிக் கட்டு முடிந்தபோது, "அம்மா காம்பு ஒண்டு கிடந்தாலும் பேசுவா" என்றாள். அதற்குப் பிறகு பின்னேரம்வரை அம்மாவைப் பற்றியே கதைத்தாள். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆறுதல் சொல்லத் தெரியாத எங்களுக்கு அந்த வேலையும் அந்தப் பானையும் எவ்வளவு பெரிய உதவி என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

குடிக்கிறதற்குப் பனையோலையை மடித்துக் கோலிய பிளாதான் வடிவு. ஓலை வெட்டித் தர ஆள் கிடைக்காத நாளில் வழித்துத் துடைத்த சிரட்டை. மாமரத்தடியில் பாய் விரித்து, இடையிடையே தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு, வியர்க்க வியர்க்கக் குடிக்கவேண்டும். இப்போது கடைகளிலும் கூழ் கிடைக்கிறது. ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு அது நல்லதுதான். இங்கே வாழ்கிற நாங்கள் நாலு பேரைச் சேர்த்துக் காய்ச்சவேண்டும் என்பது என் பிடிவாதமான எண்ணம்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் 25 நாளும் எங்கள் வீட்டுக்குள் மீன் வராது. அந்த நாட்களில் கூட்டம் பனங்காய்ப் பணியாரத்துக்கு. பழத்தைச் சுட்டு, தோலுரித்து, களியைப் பிழிந்து, தும்பில்லாமல் வடித்து, சீனி போட்டுக் காய்ச்சி ஆறவிட்டு, கோதுமை மாவில் குழைத்துச் சின்னச் சின்னதாகக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் பொரிப்போம். சுடச்சுடச் சாப்பிடக் கேட்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், ஆனால் ருசி அடுத்த நாள்தான். அதனால் ஒவ்வொருவரும் ஒரு டப்பா வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

மார்கழியில் முறை குருநகர்க்காரிக்கு. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, அவள் அடிக்கிற பட்டர் கேக் கிலோக் கணக்கில் இருக்கும். வீட்டு ஓவன் போதாது என்று தட்டுகளைச் சந்தி வெதுப்பகத்துக்குக் கொண்டுபோவாள். போறணை என்கிற அந்த விறகு அடுப்பில் முதலில் பாண் (ரொட்டி) வேகும். பாண் இறங்கி வெக்கை தணிந்த பிறகுதான் கேக் உள்ளே போகும், அந்தத் தணிந்த சூட்டில்தான் மேல் கருகாமல் நடு வேகும். காத்திருக்கிற நேரத்தில் நாங்கள் இரண்டு மூன்று பேர் அவளோடு வாசலில் நிற்போம். வெட்டும்போது ஓரத்துத் துண்டு எனக்கு, அது எல்லோருக்கும் தெரியும்.

இந்த முறை கொடிக்கு முந்திய ஞாயிறு கூழ். கோப்பாய்க்காரி மரவள்ளிக்கிழங்கு கிண்டியெடுக்கலாம் என்று சொல்லிவிட்டாள். இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.