சேசிஸ் நம்பரைத் தின்ற பவுடர் கோட்டிங்

அப்பாவின் 1983 யெஸ்டி ரோட்கிங் பைக் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆர்சியும் என் பெயருக்கு மாறிவிட்டது. பழைய வண்டியை வீட்டிலேயே பிரித்து மாட்ட நினைக்கிறவர்கள் ஸ்பேனர் செட் வாங்கும் முன் இதைப் படித்துவிடுவது நல்லது. ஏனென்றால் என்னை அலைக்கழித்தது என்ஜின் இல்லை, சேசிஸ் நம்பரும் ஆர்டிஓ அலுவலகமும்தான்.

என்ஜின் வேலை ஒழுங்காகவே போனது. லேத்தில் சிலிண்டரைக் குடைந்து, அதாவது போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். கிராங்கைப் பிரஸ்ஸில் பிரித்து கனெக்டிங் ராட், பேரிங் மாற்றினோம். கிளட்சில் கார்க் பிளேட், அதை ஒரு ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறவைத்துத்தான் மாட்ட வேண்டும். மாட்டினோம். புதுப்பேட்டையில் ஒரு கடையில் பாகம் கேட்டபோது, "யெஸ்டியா? 2022 மாடலா?" என்றார் கடைப் பையன். மைசூரில் யெஸ்டியைச் செய்த ஐடியல் ஜாவா கம்பெனி 1996-ல் மூடிய பிறகு அந்தப் பெயர் 2022-ல்தான் திரும்ப வந்தது. பெயர்தான் ஒன்று, புது வண்டியின் பாகம் எதுவும் இதில் சேராது. அடுத்த சந்தில் ஒரு பெரியவரிடம் எல்லாம் கிடைத்தது.

ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டோம். ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகை. தெருவே மறைந்துவிட்டது, எதிர்வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டார். "போர் சரியில்லை, திரும்ப அடிக்கணும்" என்றார் மெக்கானிக். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோலோடு கலக்கும் ஆயிலும் புகை விடும்தான், ஆனால் இது அந்தப் புகை இல்லை. கியர் பாக்ஸ் ஆயிலை அளந்து பார்த்தேன். குறைந்திருந்தது. வெளியே ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. அப்படியானால் கிளட்ச் பக்கம் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையமான கிராங்க் சீல் வழியாக என்ஜின்தான் ஆயிலைக் குடித்திருக்கிறது. கழற்றிப் பார்த்தால் புது சீல்தான், ஆனால் எத்தனையோ வருடம் கடை அலமாரியில் கிடந்து ரப்பர் இறுகிப்போன புது சீல். வாங்கும்போதே சீலின் ரப்பர் விளிம்பை நகத்தால் அழுத்திப் பாருங்கள், வளைய வேண்டும். சீல் மாற்றியதும் புகை நின்றது. மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை, டீ மட்டும் அவர் காசில் வந்தது.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பிரேமை பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தபோது, ஹேண்டில் தலைக்குழாயில் இருக்கும் சேசிஸ் நம்பரைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டி, "அண்ணே, இங்க மட்டும் டேப் ஒட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். தலையை ஆட்டினார். திரும்பி வந்த பிரேம் கண்ணாடி மாதிரி மின்னியது. நம்பர் இருந்த இடமும் அதே அழகில் மின்னியது. "பையன் மறந்துட்டான் சார், ஆனா பினிஷிங் பாருங்க!"

முதலில் மணலைப் பீய்ச்சியடித்து நம்பரின் வெட்டு விளிம்புகளை மழுக்கிவிட்டு, அதன் மேல் பவுடரைத் தூவிச் சூட்டில் உருக்கினால் எழுத்து எங்கே தெரியும்? வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கும்போது இந்த நம்பரைத்தான் பென்சில் தேய்த்து அச்சு எடுத்துப் புத்தகத்தோடு ஒப்பிடுவார். நம்பர் இல்லாத பிரேம் அவர் கண்ணுக்குத் திருட்டு வண்டி. "உப்புத்தாள் போட்டுத் தேச்சிடலாம்" என்று கோட்டிங்காரர் கிளம்பியதைத் தடுத்தேன். தேய்த்த தடம் தெரிந்தால் நம்பரைத் திருத்தியதாகவே எடுத்துக்கொள்வார்கள். நாமே புதிதாக வெட்டுவது அதைவிட ஆபத்து, அதற்கு ஆர்டிஓ அலுவலக அனுமதி வேண்டும்.

தின்னர் பலிக்கவில்லை. சூட்டில் வெந்து இறுகிய பூச்சு சாதாரண தின்னருக்கு மசியாது. கடைசியில் காட்டமான பெயிண்ட் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, பூச்சு சுருங்கி எழும்பியதும் மரக்குச்சியால் நெருடி எடுத்தேன். காற்றோட்டமான இடம், கையுறை இரண்டும் அவசியம். கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் மங்கல். நல்லவேளையாக, பிரிப்பதற்கு முன்பே மெல்லிய தாளில் பென்சில் அச்சும் எடுத்து, போட்டோவும் எடுத்து வைத்திருந்தேன். இதை எல்லோரும் செய்யுங்கள். என்ஜின் நம்பருக்கும் சேர்த்து.

அடுத்து ஆர்டிஓ அலுவலகம். டி என்று தொடங்கும் பழைய மூன்றெழுத்து எண். அப்பா கடைசியாகப் புதுப்பித்தது, புத்தகத்தில் பேனாவால் எழுதி முத்திரை குத்திய காலத்தில். எண்ணைத் தட்டினால் அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகனில் ஒன்றும் வரவில்லை. கம்ப்யூட்டரில் ஏறாத வண்டிக்குப் புகைச் சான்று தர மாட்டார்கள். இன்சூரன்ஸ் கேட்டால் ஆர்சி நடப்பில் இருக்கிறதா என்றார்கள். ஆர்சி புதுப்பிக்கப் போனால் இன்சூரன்ஸும் புகைச் சான்றும் எங்கே என்றார்கள்.

"பழைய பதிவேட்டைப் பாத்து ஏத்தணும். அது இங்க இல்ல, ஆபீஸ் பிரிச்சப்ப அங்க போயிடுச்சு" என்றார் கிளார்க். அங்கே போனால், "உங்க சீரிஸ் இங்க வரவே இல்லையே, அங்கயே கேளுங்க." வாய்வார்த்தையை நம்பி அலைந்து பிரயோசனமில்லை. பதிவெண், பதிவான தேதி, ஆர்சி நகலோடு எழுத்தில் ஒரு மனு கொடுத்து, இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். பதிவேடு முதலில் கேட்ட அலுவலகத்தின் பீரோவிலேயே இருந்தது. அதே கிளார்க்தான் எடுத்தார். தூசியை என் பக்கமாகத் தட்டினார்.

இதற்குள் வாசலில் ஒரு புரோக்கர், "விண்டேஜ்ல போட்டுடலாம் சார், ஈஸி" என்றார். 2021-ல் வந்த அந்த விதி 50 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், எண்ணில் விஏ என்று வரும், தினசரி ஓட்டவும் முடியாது. 1983 வண்டிக்கு அதில் இடமே இல்லை. இது தெரியாமல் முன்பணம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

பெயர் மாற்றத்தில் இன்னொரு முடிச்சு. ஆர்சியில் அப்பாவுக்கு ஒரு இனிஷியல், இறப்புச் சான்றிதழிலும் வாரிசுச் சான்றிதழிலும் இரண்டு. "ரெண்டும் ஒரே ஆள்னு எப்படி நம்புறது?" தாத்தா பெயரோடு ஊர்ப் பெயரின் முதலெழுத்தைச் சேர்ப்பதும் விடுவதும் நம் ஊரில் புதிதா என்ன? இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அப்பாவின் பழைய ரேஷன் கார்டை இணைத்ததும் ஒப்புக்கொண்டார்கள். அக்காவின் சம்மதக் கடிதம், படிவம் 31 எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. வண்டி கடனில் வாங்கியதா என்று ஆர்சியின் உள்பக்கத்தையும் பாருங்கள். அடமானக் குறிப்பு இருந்து, கடன் கொடுத்த கம்பெனி மூடியிருந்தால் அது தனிப் போராட்டம்.

கட்டணம் வலித்தது. 20 ஆண்டைத் தாண்டிய இருசக்கர வண்டிக்குப் புதுப்பிப்பு 2025 ஆகஸ்டிலிருந்து 2,000 ரூபாய். அது பரவாயில்லை. தாமதத்துக்கு மாதம் 300, அதாவது ஆண்டுக்கு 3,600. பழைய வண்டிக்கான பசுமை வரி தனி. வண்டியை இரும்புக் கடையில் போட்டால் கிடைப்பதைவிட அபராதம் அதிகம். ஷெட்டில் வண்டி வைத்திருப்பவர்கள் ஆர்சியை மட்டுமாவது உயிரோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு நாளில் பிரேக் இன்ஸ்பெக்டர் மங்கிய இரண்டு இலக்கங்களை டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். பழைய பென்சில் அச்சை நீட்டினேன். புதிய அச்சின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார், எழுத்தின் சாய்வு பொருந்தியது. அப்புறம், "நானே ஓட்டிப் பாக்குறேன்" என்று ஏறியவர் கிக்கரைத் தேடினார். கியர் லீவரையே உள்ளே தள்ளி மேலே தூக்கினால் அதுதான் கிக்கர் என்று காட்டினேன். ஒரே உதை. இரட்டை சைலன்சர் சத்தத்துக்கு வரிசையில் நின்ற ஆட்டோக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மைதானத்தைச் சுற்றிவிட்டு வந்து, பிரேக்கைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

கடைசியாக ஒன்று. புது ஆர்சி அட்டை விரைவுத் தபாலில்தான் வரும், ஓடிபி எல்லாம் விண்ணப்பத்தில் உள்ள செல்போனுக்குத்தான் போகும். புரோக்கரிடம் விட்டால் தன் நம்பரைப் போட்டுவிடுவார். என் விண்ணப்பத்தில் நம்பர் என்னுடையதுதான், ஆனால் கதவு எண்ணைத் தட்டச்சு செய்தவர் 14-ஐ 41 ஆக்கியிருந்தார். தபால்காரருக்கு எங்கள் வீடு தெரியும் என்பதால் அட்டை கைக்கு வந்தது. முகவரித் திருத்தத்துக்கு அடுத்த வாரம் மறுபடி போக வேண்டும்.