பட்டு கலந்த லேஸ் நூலுக்கு ஊசி தேடிய கதை

அம்மாவுக்கு ஒரு லேஸ் சால்வை பின்னித் தரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்கென்று வாங்கிய நூல் மெரினோ கம்பளியும் பட்டும் கலந்த இரண்டிழை நூல். 100 கிராம் சிட்டத்தில் 800 மீட்டர் இருக்கிறது. ஸ்வெட்டர் நூலைத் தொட்டுப் பழகிய விரலுக்கு, இதைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே சந்தேகம் வரும். நூலைத் தேர்ந்தெடுக்க ஒரு மாலை போதுமாக இருந்தது. ஊசியைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அளவு. என்னிடம் இருந்தது அமெரிக்க முறையில் எழுதிய பின்னல் குறிப்பு; அதில் 4ஆம் எண் ஊசி என்று போட்டிருந்தது. அத்தையின் பழைய தகர டப்பாவிலும் 4 என்று பொறித்த ஒரு ஜோடி இருந்தது. எடுத்துப் பார்த்தால் பென்சில் பருமன்! நம் வீடுகளில் கிடக்கும் பழைய ஊசிகள் பிரிட்டிஷ் எண் முறையில் வந்தவை. அந்த முறையில் எண் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க முறையில் எண் கூடினால் ஊசி தடிக்கும். அமெரிக்க 4 என்றால் 3.5 மி.மீ., பிரிட்டிஷ் 4 என்றால் 6 மி.மீ. அன்றிலிருந்து எண்ணைப் பார்ப்பதில்லை, மில்லிமீட்டரை மட்டுமே பார்க்கிறேன்.

3.25, 3.5, 4 மி.மீ. மூன்றிலும் நாற்பது கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) போட்டு ஒவ்வொரு துண்டு பின்னினேன். ஊசியிலிருந்து இறக்கியதும் மூன்றுமே கசங்கிய துணிபோலக் கிடந்தன, 4 மி.மீ. துண்டைப் பார்க்கவே மனம் சோர்ந்தது. ஆனால் லேஸை அந்த நிலையில் எடை போடக்கூடாது. வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, துவாலையில் ஒற்றி, மெத்தையில் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவிட்டேன். காலையில் 4 மி.மீ. துண்டு 17 சென்டிமீட்டரிலிருந்து 22 சென்டிமீட்டருக்கு விரிந்து, இலை வடிவங்கள் கண் திறந்திருந்தன. 3.25இல் பின்னியது நெருக்கமாக, சாதாரணத் துணிபோலவே இருந்தது. 3.5இல் இலையின் நரம்பு தெளிவாகத் தெரிந்தது, துணியும் தொளதொளக்கவில்லை. அளவு முடிவாயிற்று.

பிறகு வந்ததுதான் உண்மையான சோதனை: எந்தப் பொருளில் செய்த ஊசி?

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில், குறிப்பாக அன்ஸ்ட் தீவில், கல்யாண மோதிரத்துக்குள் நுழைத்து எடுக்கக்கூடிய மெல்லிய சால்வைகளைப் பெண்கள் பின்னியிருக்கிறார்கள். இரு முனையும் கூரான எஃகு ஊசிகள்தான் அவர்களுடையவை. அவற்றைக் கம்பி என்றே சொல்வார்கள். அந்த நினைப்பில் நானும் எஃகு வட்ட ஊசி வாங்கினேன்; இரண்டு குட்டை ஊசிகளை வளையும் கேபிள் ஒன்று இணைப்பதுதான் வட்ட ஊசி. முனை அருமை. மூன்று கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்கும் இடத்தில் தயக்கமே இல்லாமல் நுழைந்தது. ஆனால் 22ஆம் வரிசையில் போன் மணி கேட்டு மடியிலிருந்து பின்னலைக் கீழே வைத்த ஒரு நொடியில் பதினோரு கண்ணிகள் வழுக்கி இறங்கிவிட்டன. நூலை ஊசி மேல் சுற்றி உண்டாக்கிய கண்ணி நழுவினால் அதற்குக் கீழே பிடிமானமே இல்லை. வெறும் நூல்தான் தொங்கும். எல்லாவற்றையும் பிரித்தேன்.

யோசித்தபோது காரணம் புரிந்தது. ஷெட்லாந்து ஆட்டின் கம்பளி இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அதற்கு வழுக்கும் எஃகு பொருந்தும். என் நூலிலோ பட்டு இருக்கிறது, அதுவே வழுக்கும். வழுக்கும் நூலுக்குப் பிடிக்கும் ஊசி, பிடிக்கும் நூலுக்கு வழுக்கும் ஊசி. மோஹேர் போன்ற ரோமம் நிறைந்த நூலாக இருந்திருந்தால் அந்த எஃகு ஊசியையே மகிழ்ச்சியாக வைத்திருப்பேன்.

அடுத்து மூங்கில். கண்ணிகள் அடக்கமாக நின்றன, ஆனால் முனை மழுங்கல். இரண்டு கண்ணிக்குள் போகவேண்டிய ஊசி நூலின் இரண்டு இழைகளையும் பிளந்துகொண்டு ஒரு இழைக்குள் மட்டும் போனது. நுண்ணிய உப்புத்தாளால் முனையைத் தேய்த்துக் கூராக்கிப் பார்த்தேன். அதில் ஓரளவு சரியானது. சரியாகாதது ஊசியும் கேபிளும் சேரும் இடம். அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு படி இருந்தது. ஒவ்வொரு வரிசையிலும் கண்ணிகள் அதில் தட்டி நின்றன, நகத்தால் தள்ளவேண்டியிருந்தது. ஒருமுறை தள்ளியபோது பட்டிழை ஒன்று தலைமுடிபோல வெளியே வந்து வளைந்து நின்றது. அதைப் பார்த்ததும் அந்த ஊசியை எடுத்து வைத்துவிட்டேன். இப்போது கடையில் எந்த வட்ட ஊசியை எடுத்தாலும் முதலில் அந்த இணைப்பின் மேல் நகத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கிறேன். நகம் தட்டினால் நூலும் தட்டும்.

கடைசியில் நிலைத்தது பிர்ச் மரத்தில் செய்த, லேஸுக்கென நீண்ட கூர்முனை உள்ள 3.5 மி.மீ. ஊசி, 80 சென்டிமீட்டர் கேபிளுடன். சுருண்டிருந்த கேபிளைச் சூடான நீரில் ஒரு நிமிடம் முக்கி நேராக நீட்டினேன், அடங்கிவிட்டது. ஊசியின் நிறம் அடர்ந்தது. தந்த நிற நூல் அதன்மேல் பளிச்சென்று தெரிகிறது. டியூப் லைட் வெளிச்சத்தில் எஃகின் மினுமினுப்பில் கண்ணி எண்ணிக் களைத்த எனக்கு இது பெரிய நிம்மதி.

மேலிருந்து தொடங்கும் முக்கோணச் சால்வை இது. ஏழு கண்ணியில் தொடங்கி, ஒவ்வொரு முன்பக்க வரிசையிலும் நான்கு கண்ணி கூடுகிறது. நேற்று 120 வரிசை முடிந்து 247 கண்ணிகள் ஊசியில் இருக்கின்றன. பத்து வரிசைக்கு ஒருமுறை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஒரு சிவப்புத் தையல் நூலைக் கோத்து விடுகிறேன். தவறு நேர்ந்தால் அதுவரை மட்டும் பிரித்தால் போதும். இரண்டு முறை அது என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

அடுத்தது கரை. எஸ்தோனியாவின் ஹாப்சலு சால்வைகளில் வரும் நுப் என்ற சிறு மொட்டுகளை வைக்கப்போகிறேன். ஒரே கண்ணியிலிருந்து ஏழு கண்ணி எழுப்பி, திரும்பி வரும் வரிசையில் ஏழையும் ஒன்றாகப் பின்பக்கமாகப் பின்னவேண்டும். எழுப்பும்போது நூலைத் தளர்வாக விட்டால் இந்த மர முனை ஏழுக்குள்ளும் நுழைகிறது. ஒரு துண்டில் செய்து பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முதல் மொட்டு.