சாட்சி சொல்ல ஓர் இடம்

2025 மார்ச் 5, சாம்பல் புதன்

லெந்து என்னும் தவக்கால நாட்கள் இன்று தொடங்கின. வழக்கம்போல் வீட்டில் இறைச்சியை நிறுத்தியிருக்கிறோம். அதனோடு கூட, என்னைப் பற்றி உண்மையாக எழுதுவது என்றும் இந்த ஆண்டு பொருத்தனை செய்துகொண்டேன்.

நான் பாளையங்கோட்டையில், தென்னிந்தியத் திருச்சபையில் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவள். ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறவள். ஒரு பெண்ணை நேசித்து, அவளோடு என் வாழ்நாளைக் கழிக்க விரும்புகிறவள். சபையார் அறிந்தால், கடைசியாகச் சொன்னதை விட்டுவிடு என்பார்கள். சென்னையில் இருக்கும், என்னைப் போன்ற பால்புதுமைத் தோழிகளோ, உன்னை ஏற்காத மதத்தில் ஏன் இருக்கிறாய் என்று கேட்கிறார்கள். ஆலயங்களில் அவர்கள் பட்ட காயங்களை அறிந்திருப்பதால் அந்தக் கேள்வியின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆயினும் என் பாட்டியின் மடியில் உட்கார்ந்து கற்ற ஜெபத்தை விட்டுவிட்டால், துன்ப நேரத்தில் கூப்பிட எனக்கு வேறு பெயர் தெரியாது.

மார்ச் 16, ஞாயிறு

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் அம்மா இன்றும் என் திருமணத்துக்காக ஜெப விண்ணப்பம் கொடுத்தார்கள். அம்மாவுக்கு என்னைப் பற்றித் தெரியும். கூடியிருந்த மற்றவர்களுக்குத் தெரியாது. என்மேல் உண்மையான அன்புள்ள அந்தப் பெண்கள் கண்ணீரோடு ஜெபிக்கும்போது, அவர்கள் எனக்காகக் கேட்பது நான் வேண்டாத ஒன்று என்பதை அறிந்தும் நான் 'ஆமென்' சொல்ல வேண்டியிருக்கிறது.

திருமணம் செய்துகொள்ளாமல் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்து, 1951இல் அங்கேயே மரித்து அடக்கம் செய்யப்பட்ட மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை எங்கள் ஊர்ப் பிரசங்கங்களில் எத்தனையோ முறை புகழ்ந்து கேட்டிருக்கிறேன். என் இயல்பை அவர்மேல் ஏற்றிப் பார்ப்பது என் நோக்கம் அன்று. ஒரு பெண்ணின் வாழ்வு கணவன் இல்லாமலும் நிறைவடையும் என்பதை இந்த மாவட்டத்துச் சபைகள் நன்றாக அறியும் என்பதற்காகவே சொல்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

விடுதலை ஊழியம் செய்யும் ஒருவரிடம் மூன்று நாள் உபவாச ஜெபத்துக்கு என்னை அழைத்துப்போக வேண்டும் என்று சித்தி அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் இருப்பது அசுத்த ஆவியாம். நான் மறுத்துவிட்டேன்.

தன்பாலீர்ப்பை மருத்துவத்தின் பெயரால் 'மாற்ற' முயல்வதை 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை செய்தது. மறு ஆண்டில், அத்தகைய சிகிச்சை தரும் மருத்துவர் தொழில் ஒழுங்கை மீறியவர் ஆவார் என்று தேசிய மருத்துவ ஆணையமும் அறிவித்தது. மருத்துவமனை வாசலில் நிற்கும் அந்தத் தடை ஜெப வீட்டின் வாசலை எட்டவில்லை. பெற்றோரே கைபிடித்து அழைத்துப்போகும் இடத்தில், அதுவும் கடவுளின் பெயரால் செய்யப்படும்போது, பதினாறு வயதுப் பிள்ளை எப்படி மறுத்துப் பேசும்? எனக்கு முப்பத்தாறு வயது, சொந்தச் சம்பளம் இருக்கிறது. ஆகையால் மறுக்க முடிந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆராதனை முடிந்தபின் குருவானவரிடம் தனியாகப் பேசினேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா, ரோமர் 1ஆம் அதிகாரத்தை என்ன செய்வது?" என்று கேட்டார். தன்பாலின உறவைக் கண்டிப்பதாகப் பலரும் படிக்கும் அதிகாரம் அது. அந்த அதிகாரத்தை நான் தள்ளிவைத்தவள் அல்லள், ஐயா என்றேன். கடவுளை அறிந்தும் மகிமைப்படுத்தாமல் விக்கிரகங்களின் பின்னே போய், இச்சையினால் பற்றியெரிந்தவர்களைப் பற்றிப் பவுல் அங்கே எழுதுகிறார். ஜெபத்தோடு ஒருத்தியை நேசித்து, அவளுடைய தாய் நோயில் கிடந்தபோது மருத்துவமனையில் இரவெல்லாம் விழித்திருந்த என் வாழ்க்கையை அந்த வசனங்களில் என்னால் காண முடியவில்லை. அவர் என் விளக்கத்தை ஒப்புக்கொள்ளவில்லை. பரவாயில்லை.

நான் கேட்டது வேறொன்று. எங்கள் திருச்சபையும் அங்கம் வகிக்கும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் பேராயர்கள் 1998இல் லாம்பெத் மாநாட்டில் கூடி, தன்பாலின உறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்று 526 வாக்குகளால் தீர்மானித்தார்கள். எதிர்த்தவர்கள் 70 பேர். அந்தத் தீர்மானத்தைப் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் எங்களைப் போன்றவர்களின் அனுபவத்தைச் செவிகொடுத்துக் கேட்போம் என்ற வாக்குறுதியும் அதே தீர்மானத்தில் இருக்கிறது. எங்கள் சபையில் யார், எப்போது கேட்டார்கள்? அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தில் எருசலேம் சபை யூதரல்லாத புறஜாதியாரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன், கூடியிருந்த யாவரும் அமைதியாயிருந்து பர்னபாவும் பவுலும் விவரித்ததைக் கேட்டார்கள். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர் முதல் தேர்வில் தேறியவர் வரை எழுந்து சாட்சி சொல்லும் சபையில், கடவுள் என் வாழ்வில் செய்ததைச் சொல்ல மட்டும் இடமில்லாமற் போவது சரியா என்று கேட்டேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன மூன்றாம் வார்த்தையைத் தியானித்தோம். மரிக்கும் வேளையில் இயேசு தம்முடைய தாயையும் தாம் நேசித்த சீஷனையும் தாயும் மகனுமாக்கினார். அந்நேரமுதல் அவன் அவளைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டான். இரத்த உறவில்லாத இருவரைச் சிலுவையிலிருந்து ஒரே குடும்பமாக்கியவரை வணங்குகிறோம். பிரசங்கியார் தாய்க்குச் செய்ய வேண்டிய கடமையைப் பற்றி மட்டும் பேசி முடித்தார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நேற்றுப் போப் பிரான்சிஸ் மரித்துவிட்டார். என் துணைவி தூத்துக்குடிக் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவள், காலையிலிருந்து அழுகிறாள். தன்பாலீர்ப்புடையோரை நியாயந்தீர்க்க நான் யார் என்று அவர் 2013இல் கேட்டதும், இணையர்களை ஆசீர்வதிக்கக் குருக்களுக்கு 2023 டிசம்பரில் வழிவிட்டதும் அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தன. அந்த ஆசீர்வாதம் திருமணம் ஆகாது, வழிபாட்டுச் சடங்காகவும் இருக்கக்கூடாது என்ற வரம்பு எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஜூன் 8, பெந்தெகொஸ்தே ஞாயிறு

சித்தி மகளுக்கு இன்று ஆலயத்தில் திருமண ஓலை வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் உண்டா என்று சபையைக் கேட்டபோது, அவளுக்காக மனமார ஜெபித்தேன். எனக்கு அப்படி வாசிக்கப்படாது. தன்பாலினத் திருமணத்தைச் சட்டப்படி ஏற்க 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. ஆனால் கடந்த மே 22 அன்று, வீட்டார் தடுத்துவைத்திருந்த ஒரு பெண்ணைத் தன் துணைவியோடு போக அனுமதித்த சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சொல்லியிருக்கிறது. அந்த நீதிபதிகள் அந்தப் பெண்ணிடமே நேரில் பேசிக் கேட்டார்கள். 2021 தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்தப் பொருள் தமக்குப் புரிய வேண்டும் என்று உளவியலாளர் ஒருவரிடம் தாமே அமர்ந்து கற்றார். நீதிமன்றத்துக்கு இருந்த அந்தப் பொறுமையைச் சபையிடமும் எதிர்பார்க்க எனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

மாலையில் குருவானவர் அழைத்தார். மாதந்தோறும் வேதம் படிக்கக் கூடும் குருமார் சிலரிடம் பேசியிருக்கிறாராம். நான் எழுதித் தந்தால், பெயர் சொல்லாமல் அவரே வாசிப்பாராம். நானே வந்து சொல்கிறேன் என்றேன். சற்றுத் தயங்கி, சரி என்றார். அம்மாவிடம் சொன்னபோது, யாருடைய பெயரையும் இழுக்காதே என்று மட்டும் சொன்னார்கள். போகாதே என்று சொல்லவில்லை.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். அதில் ரோமர் நிருபத்தைப் பற்றிய பகுதியை நீக்கிவிட்டேன். அவர்கள் கேட்க ஒப்புக்கொண்டிருப்பது என் சாட்சியை. விவாதத்தை அவர்கள் தொடங்கினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.