கொட்டாங்கச்சிக் கரியில் சூப்பர் கெபாசிட்டர்: எல்.இ.டி. எரியும் வரை

சூப்பர் கெபாசிட்டர் என்பது இரண்டு தகடுகளின் மேல் பரப்பிய, உப்புக் கரைசலில் நனைந்த கரியில் மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் செல். வீட்டில் செய்வதில் 20, 30 ஃபாரட் (சேர்த்துவைக்கும் திறனின் அளவு) கொண்டுவருவது பெரிய காரியம் இல்லை. அதிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுத்து ஒரு விளக்கையாவது எரிய வைப்பதில்தான் வேலை இருக்கிறது. பலரும் கரியின் தரத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். செல் பெரும்பாலும் சொதப்புவது கரியும் தகடும் தொட்டுக்கொள்ளும் இடத்தில்.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கொட்டாங்கச்சிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அடுப்பில் சுட்ட கரி உதவாது. 500 டிகிரியோடு நின்றுபோன கரி மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. மல்டிமீட்டர் முனைகள் இரண்டையும் ஒரு கரித்துண்டில் அழுத்திப் பாருங்கள். மெகா ஓம் கணக்கில் காட்டினால் அது இஸ்திரிப் பெட்டிக்குத்தான் லாயக்கு. 800 டிகிரியாவது ஏற வேண்டும். நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறை உலை மாதிரி ஒன்று கிடைத்தால் அந்தச் சூடு வரும். தடித்த இரும்புக் குழாயில் கரியை அடைத்து, மூடியில் ஆணித் துளை ஒன்று விட்டு, துளையில் எரியும் வாயு அடங்கிய பிறகும் அரை மணி நேரம் விடவேண்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் வேண்டவே வேண்டாம்; துத்தநாகப் புகை ஆளைப் படுக்க வைத்துவிடும்.

இவ்வளவு செய்தாலும் அது வெறும் கரிதான். நுண்துளைகள் திறந்து பரப்பு கூட, அதே சூட்டில் நீராவி விட வேண்டும். அதற்குப் பதில் தண்ணீர் ஃபில்டரில் போடும் ஆக்டிவேட்டட் கார்பனை வாங்கிவிடலாம். அதுவும் பெரும்பாலும் கொட்டாங்கச்சியில் செய்ததுதான். நல்ல சரக்கில் ஒரு கிராமுக்கு 800 முதல் 1,000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். டெல்டாவில் மலையாய்க் குவியும் உமியைக் கேட்பவர்கள் உண்டு. உமியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சிலிக்கா. காஸ்டிக் சோடாவில் கொதிக்கவிட்டு அதைக் கரைத்தெடுக்காமல் பயன் இல்லை.

வாங்கிய கார்பனைப் பழைய மிக்ஸி ஜாரில் தண்ணீர் விட்டு அரையுங்கள். உலர்வாக அரைத்தால் தூசி நுரையீரலுக்குப் போகும், வீட்டுச் சுவருக்கும் போகும். அரைத்ததை வெள்ளை வினிகரில் ஒரு இரவு ஊறவைத்து, பேட்டரிக் கடை டிஸ்டில்ட் வாட்டரில் மூன்று நான்கு முறை அலசிக் காயவையுங்கள். பிளேடிலிருந்து வந்த இரும்பு போகத்தான் இந்தச் சிரமம். கரைசலில் கொஞ்சம் இரும்பு இருந்தாலும் அது இரு தகடுகளுக்கும் நடுவே மின்னூட்டத்தைச் சுமந்து போய், சேர்த்ததைத் தானே கரைத்துவிடும். ஆழ்குழாய்த் தண்ணீர் ஆகாது என்பதும் இதனால்தான்.

கரைசலுக்கு வேதாரண்யம் உப்பே போதும் என்று தோன்றும். நன்றாகக் கடத்தும்தான், ஆனால் குளோரைடு உலோகத்தை அரிக்கும். சாயப்பட்டறையில் புழங்கும் சோடியம் சல்பேட் மேல். தூளாக இருந்தால் 14 கிராம், படிகமாக இருந்தால் 32 கிராம். கரைத்து மொத்தம் 100 மி.லி. ஆக்கிக்கொள்ளுங்கள்.

தகட்டில் சிக்கனம் பார்க்கக் கூடாது. அலுமினியத் தாள் உப்புக் கரைசலில் குமிழி விட்டுப் பொத்தலாகும். செம்பு நேர்முனையில் பச்சையாகக் கரையும். அப்படிக் கரையும் செல்தான் அதிகம் ஏமாற்றும்: உலோகம் அரிபட்டு வரும் மின்சாரத்தைக் கெபாசிட்டர் தருகிறது என்று நம்பிவிடுவோம். சார்ஜே ஏற்றாத புதுச் செல் அரை வோல்ட் காட்டினால் நீங்கள் செய்திருப்பது மட்டமான பேட்டரி. கேஸ்கட் கடையில் 0.5 மி.மீ. கிராஃபைட் ஷீட் கேளுங்கள். உள்ளே ஸ்டீல் தகடு வைத்தது வேண்டாம், வெறும் ஷீட்.

ஒரு செல்லுக்கு 5 × 7 செ.மீ. ஷீட் இரண்டு; 5 செ.மீ. சதுரம் கரிக்கு, மிச்சம் கிளிப் மாட்டும் காது. ஒரு பக்கத்துக்குக் கார்பன் 1.7 கிராம், கிராஃபைட் பவுடர் 0.3 கிராம். கரைசல் விட்டு இட்லி மாவுப் பதத்தில் பிசைந்து, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய சட்டத்துக்குள் பரப்புங்கள். ஃபெவிகால் சேர்த்தால் கரித்துகளுக்கு மேல் உறை போட்டுத் தடை கூடும். மைதாப் பசை நாலு நாளில் புளித்துவிடும். பசையே இல்லாமல் அழுத்தத்தில் நிற்பதுதான் நல்லது. நடுவே ஃபில்டர் பேப்பர் இரண்டு மடிப்பு, கரியைவிட நாலு பக்கமும் 5 மி.மீ. பெரிதாக. வேட்டித் துணியின் நெசவு வழியே கரி கசிந்து ஷார்ட் ஆகும். இரண்டு அக்ரிலிக் துண்டுகளுக்கு இடையில் வைத்து நாலு போல்ட்டால் இறுக்கி, விளிம்பில் சிலிக்கோன் பூசுங்கள். பூசாமல் விட்டால் கத்திரி வெயிலில் ஒரே நாளில் காய்ந்து கிடக்கும்.

அளப்பது இப்படி: 0.9 வோல்ட் ஏற்றி 10 ஓம் ரெசிஸ்டரை இணையுங்கள். இணைத்த கணம் 0.82க்கு இறங்கினால் உள்தடை சுமார் 1 ஓம். பிறகு 0.80 லிருந்து 0.40க்கு இறங்கும் நேரத்தை எடுத்து, அதை 0.693 × 11 ஆல் (10 ஓமும் உள்தடை 1 ஓமும் சேர்ந்து 11) வகுத்தால் ஃபாரட். 260 நொடி வந்தால் 34 ஃபாரட். உள்தடை 3 ஓமுக்கு மேல் போனால் கரியைத் தொடாதீர்கள், போல்ட்டை இறுக்குங்கள். செல்லை ஷார்ட் செய்து விட்டபின் வோல்டேஜ் தானே கொஞ்சம் ஏறும். ஆழ்துளைகளில் தங்கிய மின்னூட்டம் மேலே வருவது அது, கோளாறு இல்லை.

செல்லுக்கு 0.9 வோல்ட்டோடு நிறுத்துங்கள். 1.23 தாண்டினால் தண்ணீரே பிரியத் தொடங்கும், செல் உப்பும். ஃபாரட் ஒத்த இரண்டு செல்களைத் தொடரில் போட்டு, ஃபோன் சார்ஜரின் 5 வோல்ட்டை வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் எல்.எம்.317 ஐ.சி. வழியே கொடுக்கலாம். 240, 100 ஓம் ரெசிஸ்டர்கள் வைத்தால் 1.77 வோல்ட் வரும். வெளியீட்டில் 4.7 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று. சார்ஜரை நிறுத்தும்போது செல்லையும் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஐ.சி. வழியே பின்னோக்கி வடியும். ஆறு செல்லை அடுக்கி 5 வோல்ட் எடுக்க ஆசைப்படுவார்கள். ஃபாரட் குறைந்த செல்லில் வோல்டேஜ் ஏறி முதலில் அது போகும்.

34 ஃபாரட் செல் இரண்டு தொடரில் பாதியாகி 17 ஃபாரட், 1.77 வோல்ட் என்றால் சுமார் 27 ஜூல். 2,000 எம்.ஏ.எச். பென்சில் செல் ஒன்றில் 8,600 ஜூல். இதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். வெள்ளை எல்.இ.டி.க்கு 3 வோல்ட் வேண்டும், அதனால் குறைந்த வோல்டேஜை ஏற்றித் தரும் ஜூல் தீஃப் சர்க்யூட். செத்த சி.எஃப்.எல். பல்பின் ஃபெரைட் வளையத்தில் இரட்டைக் கம்பியாக 12 சுற்று, பி.சி.547 டிரான்சிஸ்டர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். ஒரு கம்பியின் தொடக்கத்தை மற்றதன் முடிவோடு சேர்க்க வேண்டும். எரியாவிட்டால் முதலில் ஒரு சுருளின் முனைகளை மாற்றிப் பாருங்கள். இந்தச் சர்க்யூட் மின்னோட்டத்தைத் துடிப்பு துடிப்பாக இழுக்கும். உள்தடை அதிகமான செல் ஒவ்வொரு துடிப்புக்கும் படுத்துவிடும். நுழைவாயிலில் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று போட்டால் தாக்குப்பிடிக்கும். 0.6 வோல்ட் வரை உறிஞ்சினால், 10 மில்லி ஆம்பியர் வெளிச்சம் ஏழெட்டு நிமிடம் நிற்கும்.

கிராஃபைட் காது வழியே கரைசல் திரிபோல மேலேறி, முதலைக் கிளிப்பைப் பச்சை பூக்க வைக்கும். காதின் அடிப்பகுதியில் மெழுகுவர்த்தியைச் சூடாக்கித் தேய்த்துவிட்டு, கிளிப்பை முனையில் மாட்டுங்கள். புதுச் செல் வேகமாக வடியும். இரண்டு நாள் சார்ஜிலேயே விட்டுவைத்தால் வடிவது குறையும். அப்படியும் ராத்திரி ஏற்றியது மறுநாள் மாலைவரை நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.