'ணை'யில் மாட்டிக்கொண்ட நாட்கள்

ஜூன் 4
பாட்டு வகுப்பு. விருத்தத்தில் (தாளமில்லாமல் ராகத்தில் பாடும் செய்யுள்) 'கருணை' என்று ஒரு சொல். 'ணை'யில் நீளமான கார்வை, அதாவது அந்த ஒலியிலேயே நீட்டி நிற்க வேண்டும். டீச்சர் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "அது என்னம்மா கருணேஏஏ? ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி இருக்கு." வீட்டுக்கு வந்து செல்போன் பதிவைக் கேட்டேன். ஆட்டுக்குட்டி என்றது மரியாதைக்குத்தான்.

ஜூன் 5
பேசும்போது யார் 'கருணை' என்கிறோம்? 'கருணெ'தான். அதையே நீட்டினால் ஏகாரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சரி, ஐகாரத்தைச் சுத்தமாகச் சொல்வோம் என்று இழுத்தால் 'ணயீஈஈ'. தொண்டை இறுகியதுதான் மிச்சம்.

ஜூன் 8
டீச்சர் சொன்ன வழி: 'ண'வின் அகரத்திலேயே நில், ஸ்வரத்தை அசைக்கும் கமகமெல்லாம் அங்கேயே; கார்வை முடிகிற இடத்தில் 'ய்' என்று தொட்டுவிடு. 'கௌரி'க்கும் இதுதான்; 'ரி'க்குச் சற்று முன்னால் உதடு குவிந்தால் போதும். தொடுகிற நேரம்தான் பிடிபடவில்லை. முந்தினால் பழைய ஈகாரம். மறந்தால் 'கருணா' என்று யாரையோ கூப்பிடுவது போல ஆகிவிடுகிறது.

ஜூன் 9
'அகர இகரம் ஐகாரம் ஆகும்' என்று தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் அளபெடையில் ஐகாரத்தை நீட்ட, பின்னால் சேர்வது இகரம். அப்படியானால் 5ஆம் தேதி நான் இழுத்ததுதான் இலக்கணமா! சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. தொல்காப்பியத்தின் முதல் இயலான நூன்மரபின் கடைசி நூற்பா, இசையில் உயிர் அளவு கடந்து நீள்வதும் ஒற்று நீள்வதும் உண்டு, அது 'நரம்பின் மறை', அதாவது யாழ் பற்றிய இசைநூல், பேசவேண்டியது என்று ஒதுங்கிக்கொள்கிறது. கேஸ் டீச்சர் பக்கம் போய்விட்டது.

ஜூன் 12
இன்று வேறு தலைவலி: மேல் ஸட்ஜத்தில் (மேல் 'ஸ'வில்) ஈகாரம். என் சுருதி, அதாவது நான் பாடும் அடிப்படை 'ஸ', ஐந்தரைக் கட்டை. மேல் ஸட்ஜம் சுமார் 415 ஹெர்ட்ஸ். ஈகாரம் சொல்லும்போது வாய்க்குள் ஒலி முதலில் பெருகும் இடமோ 300 ஹெர்ட்ஸை ஒட்டி. பாடும் ஸ்வரம் அதைத் தாண்டியதும் குரல் மெலிந்து கீச்சிடுகிறது. தாடையை இறக்கினால் அந்த இடமும் மேலே ஏறுகிறது, குரல் நிறைகிறது. ஈ கொஞ்சம் எகரத்தின் பக்கம் சாயும். அந்த உயரத்தில் கேட்பவருக்கு அது உறுத்துவதில்லை. ஓபராவின் சோப்ரானோக்கள் (மிக உயர்ந்த குரலில் பாடும் பெண்கள்) உச்சத்தில் வாயை அப்படித் திறப்பது இதற்காகத்தான் என்று ஸ்வீடனின் குரல் ஆய்வாளர் யோஹன் சுண்ட்பெரி 1970களிலேயே ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். நான் இத்தனை நாள் அதை நடிப்பு என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 15
'கருணை' வந்தது. டீச்சர் தலையைக்கூட ஆட்டவில்லை. "ம், அடுத்த வரி" என்றார். அது 'துணை'யில் முடிகிறது.